சூரியனுக்கு ஒளிந்த தாய்மாமன்

1

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நம்புவதா வேண்டாமா என்று அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்க டாக்டர் என் நரம்பில் ஒரு மருந்தை ஏற்றிவிட்டு, "ஆறு வாரத்துக்கு வெயிலில் தலைகாட்டாதே, தோல் வெந்துவிடும்" என்றபோது, அது வெள்ளைக்காரர்களுக்காகப் போட்ட விதி என்று நான் நம்பினேன். அவர்கள் ஒரு நாள் ஏரிக்கரையில் படுத்து எழுந்தாலே அவித்த இறால் மாதிரி ஆகிவிடுகிறவர்கள். நான் மதுரைப் பக்கம் விளாங்குடிக்காரன். பங்குனி மத்தியானத்தில், திண்டுக்கல் ரோட்டுத் தார் உருகிக் காலில் ஒட்ட ஒட்ட, செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போய்வந்தவன். என்னைச் சுட வேண்டுமென்றால் இனி ஒரு சூரியன் புதிதாகப் பிறந்து வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அதோடு நின்றேனா? வெளிச்சம் பட்டால்தான் மருந்து வேலை செய்யும் என்று அவரே சொல்கிறார். அதற்காக ஒரு அறை முழுக்க இயந்திரத்தை நிறுத்தி, அதிலிருந்து ஒரு சிவப்பு வெளிச்சத்தை எடுக்கிறார்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுத்தால் மதுரைச் சூரியன் இதைச் சும்மாவே செய்துவிடாதா? அது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெளியே போகாதே என்கிறாரோ? இப்படி ஒரு சந்தேகம் எனக்கு. கால்காசு படிப்பறிவு இல்லாதவனுக்கு வந்திருந்தால் மன்னிக்கலாம். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவன்.

இதெல்லாம் மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வந்த ஒரு போன். அக்கா மகள் தமிழ்ச்செல்வி பேசினாள்.

"மாமா, எங்க கல்யாணக் கேசட்டுல பூசணம் புடிச்சிருச்சு. ஒங்ககிட்ட இருக்குறத ஒரு காப்பி போட்டு அனுப்புவீகளா?"

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அலமாரியில் தேடி எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். பழைய பயம். அந்தக் கல்யாணம் நடக்காமலே போயிருக்க வேண்டியது. காரணம், நான் மாட்டியிருந்த ஒரு ஜோடிக் கையுறை.

2

நான் இங்கே அமெரிக்காவில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊர். ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி கிடையாது. முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டேனா என்று யோசித்தேன். மறுநாளும் சிவப்பு. வாரக் கடைசியில் டாக்டரிடம் போனேன். மூத்திரப் பையில் ஒரு கட்டி, கேன்சர் என்றார்கள். சுரண்டி எடுத்தார்கள். திரும்ப முளைத்தது. மறுபடி சுரண்டினார்கள். மறுபடி முளைத்தது. வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன்கூட அவ்வளவு பிடிவாதமாகத் திரும்பி வரமாட்டான்.

அடுத்து இரண்டே வழி. ஒன்று, பையையே எடுத்துவிட்டு வயிற்றுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுவது. மற்றது, அந்த ஆஸ்பத்திரியில் புதிதாகச் செய்துபார்க்கிற வெளிச்ச வைத்தியம்.

செய்துபார்க்கிற என்ற சொல் என் காதில் விழுந்ததும் உள்ளே ஒரு மணி அடித்தது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, செய்துபார்ப்பதற்கு விளாங்குடி ரத்தினம்தான் கிடைத்தானா?

"இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சிலருக்கு" என்றார் டாக்டர். தென்னை மரம் மாதிரி உயரமானவர். பேசும்போது குனிந்து பேசுவார்.

"அவர்கள் இப்போது எங்கே?"

"வீட்டில் இருக்கிறார்கள்."

"யார் வீட்டில்?"

அவர் பேனாவை எடுத்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். மருந்தை நரம்பில் ஏற்றினால் உடம்பு முழுக்கப் பரவும். நல்ல சதை அதைச் சீக்கிரம் கைவிட்டுவிடும், தோல் மட்டும் ஆறு வாரம் வைத்திருக்கும். கெட்ட சதை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து, தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை வழியாகச் சிவப்பு வெளிச்சத்தை அந்த இடத்தில் மட்டும் பாய்ச்சுவார்கள். மருந்து தனியாக எதையும் கொல்லாது. அந்த வெளிச்சமும் தனியாக எதையும் கொல்லாது. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால், அந்தச் செல் செத்துப்போகும்.

"மருந்து எதிலிருந்து எடுக்கிறீர்கள்?"

"ரத்தத்திலிருந்து. பெரும்பாலும் மாட்டு ரத்தம்."

இதை என் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை விளாங்குடிக்கு வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

"சரி, அந்தக் கண்ணாடி இழை எந்த வழியாக உள்ளே போகும்?"

அவர் சொன்னார். நான் நாற்காலியில் காலைச் சேர்த்து உட்கார்ந்துகொண்டேன்.

கையெழுத்துப் போடக் கொடுத்த தாள்களில் ஒவ்வொரு பத்தியும் ஏதாவது ஓர் ஆபத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் 'மரணம் உட்பட' என்று முடிந்தது. என் மனைவி சரோஜா பேனாவை எடுத்து என் கையில் திணித்தாள். "பையோடு வீட்டுக்கு வருவீர்களா, கையெழுத்துப் போடுவீர்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

போட்டுவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் என்னுடைய தாள்கள் ஒரு கமிட்டிக்குப் போயின. கமிட்டியில் ஒருவர் விடுமுறை. அவர் வந்தபோது இயந்திரம் பழுது. அது சரியானபோது மருந்து வரவில்லை. எல்லாம் கூடிவந்த நாளில் காலண்டரைப் பார்த்தால், அன்றிலிருந்து நான்காவது வாரத்தில் தமிழ்ச்செல்வியின் கல்யாணம். வைகாசி மாதம். மதுரை. பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று. அதில் தாய்மாமன் என்று என் பெயர் கொட்டை எழுத்தில். அவளுக்கு நான் ஒருவன்தான் மாமன்.

இந்த முறை விட்டால் மறுபடி வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும் என்றார்கள். நான் ஊசியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வெளிச்சமும் பாய்ச்சினார்கள். அது பற்றி விவரிக்கப்போவதில்லை. மயக்கத்தில் இருந்தேன். மயக்கம் தெளிந்த பிறகு, சில நாட்கள், ஒன்றுக்குப் போவதை நினைத்தாலே வியர்த்தது என்பதோடு விடுகிறேன்.

3

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நல்ல பிள்ளையாக அறைக்குள் இருந்தேன். அப்புறம் அந்த வெள்ளைத்தோல் விதி பற்றிய சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் சரோஜா வேலைக்குப் போன பிறகு, திரையை விலக்கி இடது கைச் சுண்டுவிரலை மட்டும் வெயிலில் நீட்டினேன். வெயில் என்றால் என்ன வெயில்? நம் ஊரில் மார்கழிக் காலையில் அடிக்கிறதே, அதில் கால்வாசி.

கொஞ்ச நேரத்தில் விரல் குறுகுறுத்தது. பிறகு ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. சாயங்காலம் அது மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. சில நாளில் தோல் உரிந்து, விரலில் வெளுப்பாக ஒரு திட்டு மிஞ்சியது.

அத்தோடு என் வீரம் முடிந்தது. பயம் ஆரம்பித்தது. ஜன்னல்களில் கம்பளம் தொங்கவிட்டேன். கண்ணாடியைத் திருப்பி வைத்தேன், அதில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் என்ன செய்யுமோ என்று. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒரு பல்பு எரிகிறதே, அதற்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தயிர் எடுத்தேன். ஒரு தடவை தயிர் என்று நினைத்து எடுத்தது மாவு.

பதினாறு வயது மகள் கயல் இதையெல்லாம் வாசலில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் வயது. அவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஃபிரிட்ஜ் பல்பு என் அப்பாவைக் கொல்லுமா என்று கேட்டுவைத்தாள். டாக்டர் சிரித்தாராம். பிறகு என்னிடமே பேசினார்.

"வீட்டு விளக்கெல்லாம் ஒன்றும் செய்யாது. வெயில்தான் ஆகாது. அப்புறம் பல் டாக்டர் விளக்கு, ஆபரேஷன் விளக்கு மாதிரி முகத்துக்கு நேரே அடிக்கிற பலத்த விளக்கு ஆகாது."

நான் பல் டாக்டரிடம் போவதாக இல்லை. அதனால் அந்தப் பாதியைக் காதில் வாங்கவில்லை.

"இந்தியாவுக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

"எந்தப் பகுதி?"

சொன்னேன். அவர் பக்கத்தில் ஒரு நில வரைபடம் இருந்திருக்க வேண்டும். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டால் போகலாம்" என்றார்.

சரோஜாவுக்கு லீவு இல்லை. காவலுக்குக் கயலை அனுப்பினாள். புறப்படும் முன்னால் நான் மகளிடம் ஒரு சத்தியம் கேட்டேன். அங்கே யாரிடமும் கேன்சர் என்ற சொல்லை எடுக்கக் கூடாது. பெண்ணின் தாய்மாமனுக்கு அந்த நோய் என்று தெரிந்தால், அது அந்த ரத்தத்திலேயே ஓடுகிறது, நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள்.

"வராது என்று எடுத்துச் சொன்னால் போதுமே. எதுக்குப் பொய்?" என்றாள் ஆங்கிலத்தில்.

"அங்கே அப்படித்தான்" என்றேன். அவள் சத்தியம் செய்யவில்லை. தோளைக் குலுக்கினாள். இங்கே பிறந்த பிள்ளைகள் தோளைக் குலுக்கினால் அதற்குச் சரி என்றும் பொருள், போடா என்றும் பொருள்.

4

மெட்ராஸ் விமான நிலையத்தில் நான் இறங்கிய கோலம்: பெரிய விளிம்பு வைத்த தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை பொத்தான், கையில் தோல் கையுறை. வைகாசி மாதத்தில். சுங்க அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"கையில என்ன சார்?"

"கையுறை."

"அதுக்குள்ள?"

"கை."

தங்கம் கடத்துகிறவர்கள் செருப்பிலும் வயிற்றிலும் வைப்பார்கள், கையுறைக்குள் வைக்கிறவனை முதல்முறையாகப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவர் முகத்தில். கையுறையைக் கழற்றி, திருப்பி, உதறி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். தொப்பியின் விளிம்பை வளைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லாத ஏமாற்றத்தில், "இந்த வெயில்ல எதுக்கு சார் இது?" என்று கேட்டார்.

"தோல் அலர்ஜி" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னவுடன் அவர் கையுறையைச் சட்டென்று மேஜையில் போட்டுவிட்டுத் தன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். இல்லை. நல்ல பொய் கிடைத்ததே என்று அதையே ஊருக்கும் கொண்டுபோனேன்.

5

விளாங்குடியில் அக்கா பாண்டியம்மாள் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவள், கையுறையைப் பார்த்துப் பாதியில் நின்றாள்.

"என்னடா ரத்தினம் இது, பஸ் டிரைவர் மாதிரி?"

"தோல் அலர்ஜிக்கா. வெயில் ஆகாது."

"ஒனக்கா? வெயில்லயே பொறந்தவனுக்கா?"

உள்ளறையில், ஜன்னலுக்கு ஜமுக்காளம் கட்டி என்னைக் குடிவைத்தாள். கல்யாண வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, இருட்டில் உட்கார்ந்திருக்கிற அமெரிக்காக்காரனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள். நான் கொடுத்த சாக்லேட்டைக் குழந்தைகள் வாங்கின. அம்மாக்கள் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. அமெரிக்காக்காரன் மேல் மரியாதை என்று நினைத்தேன்.

பந்தக்கால் நடுகிற நாள் வந்தது. முற்றத்தில் மூங்கிலை ஊன்றும்போது தாய்மாமன் ஒரு கை பிடிக்க வேண்டும். பத்து மணி வெயில். கயல் குடையை என் தலைக்கு மேலே பிடிக்க, நான் கையுறையோடு ஓடிப்போய் மூங்கிலைத் தொட்டுவிட்டு, தீயை மிதித்தவன் மாதிரி உள்ளே ஓடிவந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, டீக்கடையில ஒரு பேச்சு ஓடுது."

"என்ன பேச்சு மச்சான்?"

"கோவிச்சுக்காத. ஒனக்கு வெரல் இருக்கான்னு கேக்குறாய்ங்க."

"பத்தும் இருக்கு."

"எனக்குத் தெரியும்டா. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியணும்ல? தோல் வியாதின்னு சொல்லியிருக்க. கையில உறை மாட்டியிருக்க. இருட்டுல ஒக்காந்திருக்க. பெருவியாதின்னு முடிவே பண்ணிட்டாய்ங்க. பொண்ணு வேணாங்குற அளவுக்குப் போயிருச்சு. நாளைக்குக் காலையில அவுக பெரியப்பா ஆளுகளோட வாராராம்."

பெருவியாதி என்றால் குஷ்டம். கேன்சரை மறைக்க ஒரு பொய் தேடினேன். உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, கேன்சரைவிட மோசமான ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். அடுப்படியில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வி என் அறை வாசலில் வந்து நின்று, "சாப்பிட வாங்க மாமா" என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது வசதியாக இருந்தது.

6

மாப்பிள்ளை பசுமலையில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன். ஆனால் முடிவெடுப்பது அவருடைய பெரியப்பா ஒச்சப்பன்தான். செக்கானூரணிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர். வெள்ளை மீசை, தோளில் துண்டு. நாலைந்து பேரோடு வந்து ஜமுக்காளம் கட்டிய அறையில் உட்கார்ந்தார். பெண்கள் கதவோரம் நின்றார்கள்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிறாதீக" என்றார். "கையக் காட்டுங்க."

கையுறையைக் கழற்றினேன். பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். பின்னால் நின்ற ஒருவர் வாய்விட்டே எண்ணினார். எல்லார் முகமும் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

அப்போதுதான் ஒச்சப்பன் என் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்தார். அங்கே, நான் ஜன்னலில் நீட்டிக் கெடுத்துக்கொண்ட அந்த வெளுத்த திட்டு.

பின்னால் நின்று எண்ணியவர் ஓரடி தள்ளிப்போனார்.

"இது என்ன தம்பி?"

"அது... நானே பண்ணிக்கிட்டது."

"ஒணத்தி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே, மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க அந்த இடத்தை நகத்தால் கிள்ளினார். நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் எழும்பிப் பறந்தன.

"இருக்குப்பா, ஒணத்தி இருக்கு" என்றார் பின்னால் நின்றவர்.

"வேசமாக்கூடக் கத்தலாம்ல?" என்றார் இன்னொருவர்.

ஒச்சப்பனுக்குச் சந்தேகம் தீரவில்லை. சுற்றிலும் பார்த்தார். குடையைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்ற கயலைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வாத்தா. நீ சொல்லு. ஒங்கப்பாவுக்கு என்ன?"

நான் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். இருமினேன். கயல் என்னைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நான் கெஞ்சினாலும் வராத தமிழ், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அப்பாவுக்குக் கேன்சர். நீங்க சொல்ற வியாதி இல்ல. ஒரு மருந்து போட்டு, உள்ள லைட் அடிச்சாங்க. அந்த மருந்து இன்னும் தோல்ல இருக்கு. வெயில் பட்டா எரியும். ஆறு வாரம் ஆனா சரியாப் போகும். இது யாருக்கும் ஒட்டாது. செல்வி அக்காவுக்கும் வராது."

கேன்சர் என்ற சொல்லில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கேன்சரா?" என்றார் ஒச்சப்பன் மெதுவாக. "எந்த எடத்துலம்மா?"

"கயல், வேண்டாம்" என்றேன்.

"ஒண்ணுக்குப் போற பையில" என்றாள், கூடியிருந்த இரண்டு குடும்பத்துக்கும் கேட்கும்படி.

ஒச்சப்பன் என் பக்கம் திரும்பினார். "பைக்குள்ள வெளிச்சம் எப்படிய்யா போச்சு?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எந்த வழியாகப் போனது என்று சொன்னேன். அந்த அறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும், மச்சான் உட்பட, ஒரே நேரத்தில் காலைச் சேர்த்து உட்கார்ந்தார்கள். கதவோரம் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அக்காதான். கண்ணில் தண்ணீர் கொட்ட, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒச்சப்பன் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எங்க ஆத்தா மாருல கட்டி வந்துதான் போச்சு" என்றார். "ஆசுபத்திரிக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல. வெளிய தெரிஞ்சா தங்கச்சிகளுக்கு மாப்பிள்ள வராதுன்னு அய்யா ஒரு ரூமுல போட்டுப் பூட்டி வச்சாரு. இந்த ரூமு மாதிரிதான். ஜன்னல அடச்சு."

"அண்ணே, அத எதுக்கு இப்ப சம்மந்தி வீட்டுல..." என்று அவர் தம்பி தோளைத் தொட்டார்.

"சொன்னா என்னடா? இந்தப் புள்ள சொல்லல?" என்றார் ஒச்சப்பன். பிறகு என் கையுறையை எடுத்து என்னிடமே கொடுத்தார். "மாட்டிக்கங்க. கல்யாணம் நடக்கும். தாய்மாமன் சீரு மட்டும் வெள்ளன வரட்டும். சூரியன் கெளம்பு முன்ன நீங்க மண்டபத்துக்குள்ள ஏறிரணும். முகூர்த்தத்த நாங்க பாத்துக்குறோம்."

அவர்கள் எழுந்து போனதும் அக்கா என் காதுப்பக்கம் வந்தாள்.

"ஆத்தாளுக்கு அப்படின்னு இவுக நம்மகிட்டச் சொல்லவே இல்ல பாத்தியா?"

"நாம மட்டும் சொன்னமா?" என்றேன்.

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவினாள். "எம்புட்டு வலிச்சுச்சுடா?" என்று கேட்டாள்.

எல்லாரும் போன பிறகு கயல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொன்னது தப்பா, அப்பா?" தமிழில்தான் கேட்டாள்.

"தப்பில்ல. எடத்த மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றேன்.

7

சீர் ஊர்வலத்தை இருள் பிரியும் நேரத்தில் நடத்தினார்கள். மேளம், தட்டுத் தட்டாகப் பழம், பூ, பட்டுச்சேலை. முன்னால் நான். கிழக்கே வெளுப்பதற்குள் மண்டபத்துக்குள் ஏறிவிட்டேன். சூரியனை ஜெயித்தாயிற்று. கையுறையைக் கழற்றினேன். தொப்பியை எடுத்தேன். கயலும் குடையை மடக்கிவிட்டு, அவள் வயதுப் பெண்களோடு பூக்கட்டப் போய்விட்டாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற மாமன் தன் பங்குக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டாமா? அப்போது மதுரையில் கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது புது மோஸ்தர். எங்கள் சொந்தத்தில் யாரும் எடுத்ததில்லை. நான் முன்கூட்டியே மச்சானுக்கு எழுதி, டவுனிலிருந்து ஒரு வீடியோக்காரரை அமர்த்தச் சொல்லியிருந்தேன். நல்ல லைட் வைத்திருக்கிற ஆளாகப் பார்க்கச் சொன்னதும் நான்தான்.

அவர் நல்ல லைட்டே வைத்திருந்தார். கம்பியில் மாட்டிய பெரிய விளக்கு. ஒருவர் அதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டே அவர் பின்னால் வருவார். போட்டால் மண்டபமே பகலாகும்.

"அண்ணே, தாய்மாமன் நீங்கதான? கண்ணாடியக் கழட்டுங்க. மூஞ்சி தெரியணும்" என்றார் வீடியோக்காரர்.

கழற்றினேன்.

"இப்படித் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். லைட்டப் பாருங்க. சிரிங்க."

சிரித்தேன். பெண்ணுக்கு மாலை போடும்போது லைட். கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போகும்போது லைட். மேடையில் அவள் பக்கத்தில் நின்ற நேரம் முழுக்க, என் இடது கன்னத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் லைட். கன்னம் குறுகுறுத்தது. புகை, கூட்டம், புழுக்கம் என்று நினைத்தேன். ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. கொசு என்று நினைத்தேன். டாக்டரைச் சந்தேகப்பட்டேன், கமிட்டியைச் சந்தேகப்பட்டேன், சூரியனைச் சந்தேகப்பட்டேன், ஃபிரிட்ஜ் பல்பைக்கூட விடவில்லை. நானே எழுதிப்போட்டு வரவழைத்த விளக்கை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

தாலி கட்டியாயிற்று. பந்திக்கு உட்காரும்போது கயல் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பூ கீழே விழுந்தது.

"டாடி, அந்த லைட்!" என்றாள்.

8

அன்று மத்தியானம் என் முகத்தின் இடது பாதி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. கண் மூடிக்கொண்டது. கொப்புளம் வந்தது. மறுபடியும் அதே ஜமுக்காளம் கட்டிய அறை. கயல் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். திருஷ்டி என்றாள் அக்கா. கேமராக்காரன் கண் என்றார் மச்சான். அமெரிக்காவுக்குப் போன் போட்டுச் சரோஜாவிடம் பேசினேன். எதிர்முனையில் அவள் நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டிக் கேட்டது.

ஒச்சப்பன் இளநீர்க் குலையோடு பார்க்க வந்தார். இந்த முறை தள்ளி உட்காரவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்தார். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வெயிலுக்குக் கொடை புடிச்ச ஆளு, வீடியோவுக்கு மூஞ்சியக் குடுத்துட்டீகளே" என்றார். பிறகு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆறாவது வாரம் அமெரிக்கா திரும்பினேன். டாக்டர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "சூரியனா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று கேட்கவில்லை. பிறகு அதே பழைய வழியாகக் குழாயை விட்டு உள்ளே பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நேரம் பார்ப்பதென்றால் ஏதோ இருக்கிறது. மறைக்கிறார். வெளியே இருக்கிற கயலிடம்தான் முதலில் சொல்லப்போகிறார்.

அவர் என்னிடம்தான் சொன்னார். கட்டி இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. கட்டி இல்லை.

அதற்குப் பிறகு வருடத்துக்குச் சில தடவை பார்க்கிறார்கள். போன மாதமும் பார்த்தார்கள். இல்லை. இடது கன்னத்தில் ஒரு கறுத்த திட்டு மட்டும் இன்னும் போகவில்லை. கேசட்டைக் காப்பி எடுத்து நேற்று தபாலில் போட்டுவிட்டேன்.